ஆற்காட்டு நவாப்பின் கடன்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சேப்பாக்கம் மைதானத்துக்கு மேட்ச் பார்க்கப் போகிறவர்கள் பக்கத்தில் இருக்கும் அந்தச் சிவப்புக் கட்டடத்தைப் பார்த்திருப்பார்கள். ஆற்காட்டு நவாப் முகமது அலி வாலாஜாவின் அரண்மனை அது. அவர் கையெழுத்துப் போட்ட கடன் பத்திரங்களால் சென்னையில் ஒரு கவர்னர் காவலிலேயே செத்துப்போனார், தஞ்சாவூர் இரண்டு முறை கைமாறியது, லண்டன் பார்லிமென்டில் சில நாற்காலிகளுக்கு விலை கொடுக்கப்பட்டது. இதைப் பற்றி எழுதும்போதெல்லாம் திரும்பத் திரும்ப வருகிற கேள்விகளை இங்கே ஒன்றாகச் சேர்த்திருக்கிறேன்.

நவாப் ஏன் ஆற்காட்டில் இல்லாமல் சென்னையில் இருந்தார்?

ஆங்கிலேயரின் செயின்ட் ஜார்ஜ் கோட்டையின் பீரங்கிக்குப் பக்கத்தில் இருப்பதுதான் பாதுகாப்பு என்பதால். 1749-இல் அப்பா அன்வருதீன் ஆம்பூர்ப் போரில் இறந்த பிறகு, முகமது அலிக்கும் சந்தா சாகிபுக்கும் நவாப் பட்டத்துக்குப் போட்டி. இவருக்கு ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனி துணை, அவருக்குப் பிரெஞ்சுக்காரர்கள். திருச்சி முற்றுகை, கிளைவின் ஆற்காட்டு முற்றுகை எல்லாம் இந்தச் சண்டைதான். கடைசியில் இவர் ஜெயித்தார். 1763 பாரிஸ் உடன்படிக்கையில் இங்கிலாந்தும் பிரான்சும் இவரைச் சட்டப்படியான கர்நாடக நவாப் என்று ஏற்று எழுதிவைத்தன. (இந்தக் ‘கர்நாடகம்’ இன்றைய மாநிலம் இல்லை. நெல்லூரிலிருந்து திருநெல்வேலி வரை இருந்த நவாப்பின் சீமை.)

ஜெயித்துக் கொடுத்தவர்கள் பில் நீட்டினார்கள். இவருக்காக நடந்த போர்களின் செலவு, பாண்டிச்சேரி முற்றுகைச் செலவு, அதற்குப் பிறகு பட்டாளம் வைத்திருக்கும் செலவு, எல்லாம் நவாப் தலையில் எழுதப்பட்டன.

அப்படியானால் கடன் கம்பெனிக்குத்தானே? ஊழல் எங்கே வந்தது?

இரண்டு கடன்கள் இருந்தன. ஒன்று கம்பெனிக்கு நவாப் தரவேண்டியது. மற்றொன்று, அதைக் கட்டுவதற்காகக் கம்பெனியின் ஊழியர்களிடமே அவர் தனிப்பட்ட முறையில் வாங்கியது. விஷயம் முழுக்க இந்த இரண்டாவதில் இருக்கிறது.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். தொகை என்னுடையது, முறை அவர்களுடையது. கம்பெனிக்கு லட்சம் வராகன் (அந்தக் காலத்துத் தங்க நாணயம்) தவணை கட்டவேண்டும், நவாப்பிடம் கையில் காசு இல்லை. கோட்டைக்குள் இருக்கும் ஒரு கம்பெனி அதிகாரி முன்வருகிறார். அவர் பணமும் இருக்கும், அவரிடம் மற்ற வெள்ளைக்காரர்கள் கொடுத்துவைத்த பணமும் இருக்கும். ஆரம்ப காலத்தில் வட்டி வருடத்துக்கு நூற்றுக்கு 36 வரை போனது. நம் ஊர்க் கணக்கில் ‘மூணு வட்டி’. மூன்று வருடம் முடிவதற்குள் வட்டியே முதலைத் தொட்டுவிடும். பிறகு 25, 20 என்று இறங்கி, 1767-இல் பழைய கடன்களையெல்லாம் ஒன்றாகத் தொகுத்தபோது 10 ஆயிற்று.

இதற்கு ஈடு என்ன? ஒரு சீமையின் அறுவடை. அந்தச் சீமையின் வரிவசூலை இன்னாரிடம் கட்டு என்று குத்தகைதாரருக்கு நவாப் எழுதிக்கொடுக்கும் ஓலைக்குத் தன்கா என்று பெயர். அதிகாரியின் துபாஷி, அதாவது மொழிபெயர்ப்பாளரும் தரகருமான உள்ளூர் ஆள், அதை எடுத்துக்கொண்டு களத்துமேட்டுக்குப் போவார். நெல் களத்தை விட்டு வெளியே போவதற்கு முன்பே அது யாருடையது என்று எழுதியாகிவிட்டது.

இதே அறுவடையிலிருந்துதான் கம்பெனிக்கும் பணம் வரவேண்டும். யாருக்கு முதலில் என்று தீர்மானிப்பது கோட்டையில் இருக்கும் கவுன்சில், அதாவது கவர்னரும் மூத்த அதிகாரிகளும் கொண்ட நிர்வாகக் குழு. கவுன்சிலில் உட்கார்ந்திருப்பவர்களோ கடன் கொடுத்தவர்கள், அல்லது அவர்களுடைய கூட்டாளிகள். முதலாளியின் பாக்கியும் தன்னுடைய பாக்கியும் ஒரே களத்தில் நின்றால் கணக்குப்பிள்ளை எதை முதலில் அளப்பார் என்று நான் சொல்லவேண்டியதில்லை.

லண்டனில் இருந்த கம்பெனி இயக்குநர்கள் சும்மா இருந்தார்களா?

கடிதம் எழுதினார்கள். கண்டித்தார்கள், தடுத்தார்கள். கடிதம் கப்பலில் வந்து சேர ஆறு மாதம். அதற்குள் இங்கே புதுப் பத்திரம் எழுதி ஆறிப்போயிருக்கும்.

பால் பென்ஃபீல்டு யார்?

1764-இல் கம்பெனியின் பொறியாளராகச் சென்னைக்கு வந்தவர். கோட்டை மதில் வேலையில் ஒப்பந்தம் எடுத்தார். சேப்பாக்கம் அரண்மனையையும் இவர்தான் கட்டிக்கொடுத்தார் என்று பொதுவாகச் சொல்வார்கள். கம்பெனி கொடுத்த சம்பளம் வருடத்துக்குச் சில நூறு பவுண்டு. ஆனால் சென்னையிலேயே சிறந்த குதிரைகளும் வண்டிகளும் இவருடையவை. நவாப்புக்குத் தனிப்பட்ட முறையில் கடன் கொடுத்தவர்களில் முக்கியமானவர்.

1776-இல் இவர் கவுன்சில் முன்னால் ஒரு கோரிக்கை வைத்தார். தஞ்சாவூரின் வரிவசூலில் நவாப் தனக்கு எழுதிக்கொடுத்தது 1,62,000 பவுண்டு, தஞ்சாவூர்க் குடிகளுக்குத் தானே கடனாகக் கொடுத்தது 72,000 பவுண்டு, மொத்தம் 2,34,000 பவுண்டு வரவேண்டியிருக்கிறது என்றார். சில நூறு பவுண்டு சம்பளக்காரர்! அந்தத் தொகை எங்கிருந்து வந்தது என்பதற்கு உருப்படியான ஆதாரம் எதையும் அவர் காட்டவில்லை. கவுன்சில் முதலில் தள்ளுபடி செய்தது. பிறகு பெரும்பான்மை உறுப்பினர்கள் மனம் மாறி ஏற்றுக்கொண்டார்கள்.

தஞ்சாவூர் இதில் எப்படி மாட்டிக்கொண்டது?

காவிரியின் நெல்லுக்காக. மராட்டிய ராஜா துளஜாஜி தனக்குக் கப்பம் கட்டவேண்டியவர் என்பது நவாப்பின் வாதம். கம்பெனிப் படையை வைத்து 1771-இல் ஒரு முறை மிரட்டிப் பணம் பறித்தார். 1773-இல் அதே படையைக் கொண்டு ஊரையே பிடித்து, ராஜாவைச் சிறைவைத்தார். அடுத்த இரண்டரை வருடம் தஞ்சாவூர் நவாப் கையில். கடன்காரர்களுக்கு எழுதிக்கொடுக்கப் புதுச் சீமை கிடைத்தாயிற்று.

லண்டனுக்கு இது பிடிக்கவில்லை. தஞ்சாவூரை ராஜாவிடமே திருப்பிக் கொடு என்று உத்தரவு போட்டு, அதை நிறைவேற்ற பிகாட் பிரபுவைக் கவர்னராக அனுப்பினார்கள். ஏற்கெனவே 1755 முதல் 1763 வரை கவர்னராக இருந்து, பிரெஞ்சுத் தளபதி லாலியின் முற்றுகையிலிருந்து சென்னையைக் காப்பாற்றியவர். 1776 ஏப்ரலில் தஞ்சாவூருக்கே போய் ராஜாவை மறுபடி உட்காரவைத்தார். இதைத் தள்ளிப்போட்டால் மட்டும் போதும் என்று அவருக்கு 6,00,000 பவுண்டு வரை லஞ்சம் பேசினார்கள் என்று அவருடைய தம்பி, கடற்படைத் தளபதி பிகாட், பின்னால் பார்லிமென்டில் சொன்னார்.

பிகாட் அப்பழுக்கற்றவர் என்று நினைத்துவிட வேண்டாம். முதல் தடவை ஊருக்குப் போகும்போது பெரும் செல்வத்தோடு போனவர்தான். ஆனால் இந்த ஒரு விஷயத்தில் உத்தரவை உத்தரவாக நிறைவேற்றினார்.

கவர்னரையே கைது செய்தார்கள் என்பது உண்மையா?

உண்மை. 1776 ஆகஸ்ட் 24.

தஞ்சாவூருக்குப் பிரதிநிதியாக யாரை அனுப்புவது என்பதில் மோதல் முற்றியது. பிகாட் தன் ஆளை அனுப்ப நினைத்தார், பெரும்பான்மையோ கர்னல் ஜேம்ஸ் ஸ்டூவர்ட்டை அனுப்பச் சொன்னது. மேலுக்கு நியமனச் சண்டை. அடியில் இருந்தது, பென்ஃபீல்டுக்கு அந்த வருட மகசூல் கிடைக்குமா கிடைக்காதா என்பது. பிகாட் ஒரு தந்திரம் செய்தார். எதிர்த்தரப்பில் இருவர் மீது குற்றச்சாட்டு வைத்தார். குற்றம் சாட்டப்பட்டவர் தன் வழக்கில் ஓட்டுப்போட முடியாது. அவர்கள் ஓட்டு கழிந்ததும் தன் தலைமை ஓட்டைப் போட்டு அவர்களையே இடைநீக்கம் செய்தார். சட்டப்படி சரியா என்றால் இழுபறிதான். எதிர்த்தரப்பு, ஜார்ஜ் ஸ்ட்ராட்டன் தலைமையில், தாங்களே அரசு என்று அறிவித்துக்கொண்டது.

அன்றைக்கு ஸ்டூவர்ட் காலையில் பிகாட்டோடு சிற்றுண்டி சாப்பிட்டார். மதியம் அவர் வீட்டிலேயே விருந்து சாப்பிட்டார். சாயங்காலம் கோட்டையிலிருந்து கவர்னரின் தோட்ட வீட்டுக்கு ஒரே வண்டியில், பக்கத்தில் உட்கார்ந்து போனார். வழியில் சிப்பாய்கள் வண்டியை மறித்தார்கள். மறிக்கச் சொல்லி ஏற்பாடு செய்திருந்தவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அதே ஸ்டூவர்ட். பிகாட்டைப் பரங்கிமலைக்குக் கொண்டுபோய்க் காவலில் வைத்தார்கள். எட்டரை மாதம் காவல். 1777 மே 11 அன்று, கைதியாகவே இறந்தார். உண்ட வீட்டுக்கு இரண்டகம் என்று நம் ஊரில் சொல்வதற்கு இதைவிட நேரடியான உதாரணம் எனக்குத் தெரிந்து இல்லை.

கவர்னர் பதவியில் அவரை மறுபடி அமர்த்த லண்டனில் உத்தரவு போட்டார்கள். அது வந்து சேர்ந்தபோது படிக்க அவர் இல்லை.

கைது செய்தவர்களுக்கு என்ன தண்டனை?

சென்னையில் நடந்த பிரேத விசாரணை, கொலை என்றே தீர்ப்புச் சொன்னது. அந்த வழக்கு நிற்கவில்லை. லண்டனில் ஸ்ட்ராட்டன் உள்ளிட்ட நால்வர் மீது வழக்கு நடந்து, குற்றவாளிகள் என்று 1779 டிசம்பரில் முடிவானது. 1780 பிப்ரவரியில் தண்டனை: தலைக்கு 1,000 பவுண்டு அபராதம்.

கட்டிவிட்டுப் போனார்கள். ஸ்ட்ராட்டன் அப்போது பார்லிமென்ட் உறுப்பினர். அபராதத்துக்குப் பிறகும் உறுப்பினராகவே இருந்தார்.

ஸ்டூவர்ட்டை ராணுவ நீதிமன்றம் விடுவித்தது. அவர் கதைக்கு ஒரு வால் உண்டு. 1781-இல் ஹைதர் அலியோடு நடந்த பொள்ளிலூர்ப் போரில் ஒரு காலை இழந்தார். 1783-இல் அடுத்தடுத்து வந்த கவர்னர்களில் ஒருவரான மக்கார்ட்னி பிரபு இவரையே கைது செய்து கப்பலேற்றினார். 1786-இல் லண்டனில் இருவரும் துப்பாக்கியால் இருவர்-சண்டை போட்டார்கள். ஒற்றைக் காலில் நிற்க முடியாததால் ஸ்டூவர்ட் ஒரு மரத்தில் முதுகைச் சாய்த்துக்கொண்டு சுட்டார். குண்டு மக்கார்ட்னி மேல் பட்டது.

நவாப்பின் பணம் பார்லிமென்டில் நுழைந்தது எப்படி?

அந்தக் காலத்து இங்கிலாந்தில் பல தொகுதிகளில் வாக்காளர்கள் சில நூறு பேர், சில இடங்களில் விரல்விட்டு எண்ணிவிடலாம். தொகுதியை விலைக்கு வாங்கலாம். இந்தியாவிலிருந்து மூட்டை கட்டிக்கொண்டு போனவர்கள் வாங்கினார்கள்.

1780 தேர்தலில் கிரிக்லேடு என்ற சின்ன ஊரிலிருந்து தேர்வான இருவரும் ஆற்காட்டு ஆட்கள். ஒருவர் பென்ஃபீல்டு, இன்னொருவர் நவாப்பின் முகவராக வேலை பார்த்த ஜான் மக்ஃபர்சன். அந்தத் தேர்தலில் லஞ்சம் விளையாடிய விதத்தைப் பார்த்துப் பார்லிமென்டே தனிச்சட்டம் போட்டு, 1782-இல் சுற்றுவட்டார நிலக்காரர்களுக்கும் அந்தத் தொகுதியில் ஓட்டுரிமை கொடுத்தது. இங்கிலாந்தின் தேர்தல் சீர்திருத்த வரலாற்றில் அதற்கு ஓர் இடம் உண்டு. நவாப்பின் இன்னொரு லண்டன் முகவர் ஜேம்ஸ் மக்ஃபர்சன். ஸ்காட்லாந்தின் பழைய கெய்லிக் மொழிக் கவிதை என்று சொல்லித் தானே எழுதிக் கொடுத்தார் என்று ஊரே சந்தேகப்பட்ட அதே ஆசாமி. கேமல்ஃபோர்டு தொகுதி உறுப்பினர்.

பென்ஃபீல்டு ஒருவரே எட்டு உறுப்பினர்களை உருவாக்கினார் என்று பார்லிமென்ட் உறுப்பினர் எட்மண்ட் பர்க் சபையிலேயே சொன்னார். பார்லிமென்டைச் சீர்திருத்தியவர் பென்ஃபீல்டுதான் என்று கிண்டலும் செய்தார்.

சீர்திருத்தச் சட்டங்கள் வந்தனவே, அவை எதையும் தடுக்கவில்லையா?

1773 ஒழுங்குமுறைச் சட்டம் கம்பெனி ஊழியர்கள் பரிசு வாங்குவதைத் தடுத்தது, இந்தியாவில் பிரிட்டிஷ்காரர்கள் வாங்கும் வட்டிக்கு நூற்றுக்கு 12 என்று உச்சவரம்பு வைத்தது. பிகாட் கைதானது அதற்கு மூன்று வருடம் கழித்து. 1777-இல் கடன்காரர்கள் மறுபடி ஒரு பெரிய தொகுப்பு செய்தார்கள்: 24 லட்சம் பவுண்டு, வட்டி சரியாக 12. ‘ஒரு வட்டி’. சட்டத்தை மீறவில்லை, பாருங்கள்.

அதே வருடம் குதிரைப்படைக் கடன் என்று ஒன்று. நவாப்பின் குதிரைப்படைக்குச் சம்பள பாக்கி. அதைத் தீர்க்க 1,60,000 பவுண்டு தருகிறோம் என்று சிலர் பத்திரம் எழுதி, சீமைகளை ஈடாக வாங்கிக்கொண்டார்கள். பணம் வந்து சேர இழுத்தடித்தது. ஈடாக வாங்கிய சீமையில் வசூலித்த நவாப்பின் பணத்தையே நவாப்பின் படைக்குச் சம்பளமாகக் கொடுத்துவிட்டு, அதற்கு வட்டியும் போட்டார்கள் என்பது பர்க்கின் குற்றச்சாட்டு.

1783-இல் அமைச்சர் ஃபாக்ஸ் கொண்டுவந்த இந்திய மசோதாவை மூன்றாம் ஜார்ஜ் மன்னரே பிரபுக்கள் சபையில் ஆள்விட்டுத் தோற்கடித்தார். 1784-இல் பிரதமர் பிட் கொண்டுவந்த சட்டம் நிறைவேறியது. கம்பெனிக்கு மேலே அரசின் கட்டுப்பாட்டு வாரியம் வந்தது. அந்தச் சட்டத்திலேயே, நவாப்பின் கடன்கள் எப்படி உண்டாயின, நியாயமானவையா என்று இயக்குநர்கள் ஆராயவேண்டும் என்று எழுதியிருந்தது. இயக்குநர்களும் விசாரணைக்கு உத்தரவு தயாரித்தார்கள். பிட்டின் நெருங்கிய கூட்டாளி ஹென்றி டண்டாஸ் ஆதிக்கம் செலுத்திய புதிய வாரியம் அதை அடித்துவிட்டு வேறொன்றை எழுதியது: 1767 கடன், குதிரைப்படைக் கடன், 1777 கடன், மூன்றும் விசாரணை இல்லாமல் செல்லும், ஆண்டுக்கு 12 லட்சம் வராகன், அதாவது 4,80,000 பவுண்டு, கர்நாடக வருமானத்திலிருந்து ஒதுக்கப்படும்.

என் கணிப்பில் மொத்த விவகாரத்திலும் மோசமான பக்கம் இதுதான். பென்ஃபீல்டுகளின் பத்திரங்கள் அதுவரை யாராவது கிழித்தெறியக்கூடிய காகிதங்கள். ஊழலை ஒழிக்க வந்த சட்டம் உருவாக்கிய வாரியம்தான் அவற்றுக்கு அரசு முத்திரை குத்தியது. பிட்டின் அரசுக்கு ஆற்காட்டு ஓட்டுகள் தேவைப்பட்டன என்று பர்க் சொன்னதை மறுக்க அன்று யாரும் பெரிதாக மெனக்கெடவில்லை.

பர்க் நடுநிலையாகப் பேசினாரா?

முழுக்க இல்லை. அவருடைய உறவினர் வில்லியம் பர்க் தஞ்சாவூர் ராஜாவின் முகவர். நவாப்பின் எதிரி முகாமில் பர்க்கின் குடும்பத்து ஆள் இருந்தார்.

அதற்காக 1785 பிப்ரவரி 28 அன்று இந்தக் கடன்களைப் பற்றி பார்லிமென்டில் அவர் பேசியதை ஒதுக்கிவிட முடியாது. ஹைதர் அலி 1780-இல் கர்நாடகத்துக்குள் இறங்கிச் சூறையாடியதை விவரித்த பகுதிக்காகத்தான் அந்தப் பேச்சை இன்றும் நினைவில் வைத்திருக்கிறார்கள். எனக்கு அதில் பிடித்த இடம் வேறு. செங்கல்பட்டுச் சீமையை பர்னார்டு என்பவர் அளந்து வரைந்த வரைபடம் ஒன்று அவரிடம் இருந்தது. அதை விரித்துவைத்து, அதில் இருக்கும் ஏரிகளை உட்கார்ந்து எண்ணியிருக்கிறார். 1,100-க்கு மேல் வந்தது. சிறியது இரண்டு மூன்று ஏக்கர், பெரியது சுற்றளவு ஐந்து மைல். இந்தியாவில் ஒரு நாள்கூடக் கால்வைக்காத மனிதர். கரை உடைந்து கிடக்கும் இந்த ஏரிகளைச் செப்பனிடப் பணம் வைக்காமல், இந்த மண்ணிலிருந்து ஆண்டுக்கு 4,80,000 பவுண்டு எடுக்கப்போகிறீர்களா என்பது அவர் கேள்வி.

கடன் உத்தரவு பற்றிய ஆவணங்களைச் சபையில் வைக்கவேண்டும் என்று கேட்ட தீர்மானம் தோற்றது.

நவாப் பாவம், ஏமாந்தவர் என்று சொல்லலாமா?

அவ்வளவு எளிதாக இல்லை. கடன் வாங்குவது அவருடைய ராஜதந்திரமும்கூட. தனக்குக் கடன் கொடுத்தவன் தன் பதவி நிலைக்கவேண்டும் என்றுதானே நினைப்பான்! தஞ்சாவூரை அவருக்குப் பிடித்துக்கொடுக்கவும், லண்டனில் அவருக்காக வாதாடவும், கம்பெனி அவரை ஒதுக்கிவிடாமல் தடுக்கவும் கடன்காரர்களே அவருடைய கட்சி ஆனார்கள். நாற்பத்தைந்து வருடத்துக்கும் மேல் நவாப்பாக இருந்து 1795-இல் சென்னையிலேயே இறந்தார். அந்த விதத்தில் அவர் தந்திரம் பலித்தது. அதற்கு வட்டி கட்டியது அவர் இல்லை.

கடைசியில் அந்தக் கடன்களில் எவ்வளவு உண்மையானது?

1785-க்குப் பிறகும் புதுப்புதுப் பத்திரங்கள் முளைத்தன. 1801-இல் கம்பெனி கர்நாடகத்தை நேரடியாக எடுத்துக்கொண்டது. நவாப் பட்டம் வெறும் பெயராயிற்று. பாக்கிகளை ஆராய 1805-இல் ஓர் ஆணையம் வைத்தார்கள். அதன் முன் வந்த கோரிக்கைகளின் மொத்தம் 3,04,04,919 பவுண்டு. பல வருடம் ஆராய்ந்து, செல்லும் என்று ஏற்றுக்கொண்டது 26,86,148 பவுண்டு. பதினொன்றில் ஒரு பங்குகூட இல்லை. மீதி போலி, மிகை, அல்லது நிரூபிக்க முடியாதவை. விசாரணையே இல்லாமல் 1784-இல் ஏற்றுக்கொண்ட கடன்களையும் இதே தராசில் நிறுத்தியிருந்தால் எவ்வளவு தேறியிருக்கும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

கட்டபொம்மனுக்கும் இதற்கும் தொடர்பு உண்டா?

சுற்றுவழியில் உண்டு. நவாப்பிடமிருந்து வரவேண்டியதை உறுதிப்படுத்திக்கொள்ள, 1792 உடன்படிக்கையில் பாளையக்காரர்களிடம் கப்பம் வசூலிக்கும் உரிமையைக் கம்பெனி வாங்கிக்கொண்டது. அதனால்தான் பாஞ்சாலங்குறிச்சியில் வரி கேட்டு வந்தது நவாப்பின் ஆள் இல்லை, கலெக்டர் ஜாக்சன். 1799 அக்டோபரில் கயத்தாற்றில் தூக்கு. கடனால்தான் தூக்கிலிட்டார்கள் என்று சொன்னால் மிகை. ஆனால் வசூல் உரிமை கைமாறிய பாதையில் கடன் பத்திரம் கிடக்கிறது.

பென்ஃபீல்டு என்ன ஆனார்?

ஊருக்குப் போய், சென்னையில் கவர்னராக இருந்து ஊழல் விசாரணைக்கு ஆளான தாமஸ் ரம்போல்டு கட்டிய மாளிகையை 1794-இல் விலைக்கு வாங்கினார். சில வருடத்தில் திவால். கடன்காரர்கள் சூழ்ந்துகொண்டார்கள். 1810-இல் பாரிஸில் வறுமையில் இறந்தார்.

சென்னையில் இதற்கெல்லாம் பார்க்க என்ன இருக்கிறது?

கோட்டைக்குள் செயின்ட் மேரி தேவாலயத்தில் பிகாட்டை அடக்கம் செய்தார்கள். கோட்டைக்குள் போக அடையாள அட்டை எடுத்துச் செல்லுங்கள். சேப்பாக்கம் அரண்மனையில் கலச மகால் 2012 ஜனவரியில் தீப்பிடித்து எரிந்தது. பழுதுபார்த்த பிறகு தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு அங்கே வந்தது. ஏரி ஆக்கிரமிப்பு வழக்குகளும் அங்கே வருகின்றன.